எழுதாத வழக்கம் எதுவும் செல்லாது

ஆல்டர் பே பள்ளி மாவட்டத்தின் நிர்வாகம், பேருந்து ஓட்டுநர்களோடும் சமையற்கூடப் பெண்களோடும் புதிய ஒப்பந்தம் பேசத் தொடங்குமுன், எந்த மேசையில் உட்கார்ந்து பேசுவது என்று முடிவுசெய்யவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. நீள மேசை போட்டால் அதற்கு இரண்டு பக்கங்கள் இருக்கும். பக்கங்கள் இருந்தால் மனிதர்கள் கட்சி கட்டுவார்கள். வட்ட மேசையில் அது இயலாது என்று மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் டாக்டர் குவென்டின் ஹார்ஸ்லி எங்கோ ஒரு பயிலரங்கில் கேட்டு வந்திருந்தார். மாவட்டம் முழுவதும் தேடியதில் வட்ட மேசை ஒன்றுதான் அகப்பட்டது. அது மழலையர் வகுப்பின் வாசிப்பு மூலையில், முழங்கால் உயரத்தில், வாத்துப் படம் ஒட்டிய குட்டி நாற்காலிகள் சூழ இருந்தது. ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், ஆறு பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அதைச் சுற்றி அமர்ந்தார்கள். மூன்று பேர் சன்னல் ஓரம். மூன்று பேர் கதவு ஓரம். வட்டத்துக்கும் பக்கம் உண்டென்பதை அமர்ந்தவர்கள் எல்லோரும் கண்டார்கள். டாக்டருக்கு மட்டும் அது தென்படவில்லை.

கதவோரத்து மூவரில் நடுவில் இருந்தவள் ஐலா காங்கஸ். ஒன்பதாம் எண் பேருந்தை இருபத்துமூன்று குளிர்காலங்களாக ஓட்டுகிறவள். பணியாளர்களின் பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைவி. அவளுக்கு வலப்புறம் பணிமனை மெக்கானிக் கீனோ பெர்தெல்லி. கையில் கிரீஸும் வாயில் கேலியும் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. இடப்புறம் சமையற்கூடத்தின் ஓடெட் லஜுவா. எதிரே டாக்டர், அவருக்குப் பக்கத்தில் நகரத்திலிருந்து வந்துபோகும் நிர்வாகத்தின் வழக்கறிஞர் பெட்டினா ஸ்லோகம், அவருக்கும் அப்பால், பேச்சுவார்த்தை நீண்ட எட்டு மாதமும் ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த நிதி அலுவலர்.

டாக்டர் என்பது மருத்துவரைக் குறிப்பதல்ல. பள்ளி நிர்வாகத்தில் அவர் ஆய்வுப் பட்டம் வாங்கியிருந்தார்; தம்மை எல்லோரும் அப்படித்தான் அழைக்க வேண்டுமென்று முதல் நாளே சுற்றறிக்கை விட்டிருந்தார். பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்து வளர்ந்தவர். தெற்கத்தியர்களைப் பாலத்தடிப் பூதங்கள் என்று கேலி செய்வது வடகரையின் பழைய வழக்கம். கீனோ இரண்டையும் இணைத்து அவரைப் பாலத்தடி டாக்டர் என்று ஆக்கினான். வந்த ஒரே ஆண்டில் அவர் டிக்கனன் குன்றின் உச்சியில், ஏரியைப் பார்த்த புது வீடொன்றை வாங்கிக் குடியேறியிருந்தார். குன்றின்மேல் வீடு வாங்கும் உள்ளூர்க்காரர் யாராயினும் முதலில் சாலையைப் பார்ப்பார். அவர் ஏரியைப் பார்த்தார்.

அந்தக் குன்றுதான் ஐலாவின் வழக்கு. ஒன்பதாம் எண் பேருந்து காலையில் காலியாக மேலே ஏறி, உச்சியில் இருக்கும் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். சென்ற சனவரியில் ஒரு நாள், விடியுமுன் நன்றாக இருந்த சாலையில் ஆறு மணிக்கு மழை விழுந்து, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிட்டது. ஐலா குன்றின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கி, பூட்ஸ் காலால் சாலையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். திரும்ப ஏறி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு, சாலையில் மணல் தூவும் லாரி வரும்வரை ஐம்பது நிமிடம் அசையாமல் இருந்தாள். பதினொரு பிள்ளைகள் முதல் பாடவேளையை இழந்தார்கள். உயிரோடு இழந்தார்கள் என்பது ஐலாவின் கணக்கு. மூன்றாம் நாள் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றி வழித்தடத்தைக் கைவிட்டாளாம். இனி ஒரு கடிதம் வந்தால் வேலை இல்லை என்று கடைசி வரி கூறியது.

ஆகவே அவள் மேசைக்குக் கொண்டுவந்த கோரிக்கை ஒரே வாக்கியம்: சாலை பாதுகாப்பாக இல்லை என்று ஓட்டுநர் கருதினால் வண்டியை நிறுத்தலாம், அதற்காக அவர் தண்டிக்கப்பட மாட்டார். அதோடு, அந்தக் கடிதம் அவளுடைய கோப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

டாக்டர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, நெடுநேரம் புன்னகைத்தார். எதிராளி சொன்னது புரியாதபோதும், புரிந்து பிடிக்காதபோதும் அவர் ஒரே புன்னகையைத்தான் பயன்படுத்துவார்.

"ரோடு விஷயத்துல முடிவெடுக்கறது தலைமையோட வேலை, ஐலா. பஸ்ஸுக்கு ஒரு தலைவர்னு வச்சா, இந்த மாவட்டத்துல இருபத்திரண்டு கண்காணிப்பாளர் ஆயிடுவாங்க" என்றார்.

"அந்த இருபத்திரண்டுல ஒருத்தருக்காவது பனியில ஓட்டத் தெரிஞ்சிருக்கும்" என்றான் கீனோ, மேசையில் ஒட்டியிருந்த வாத்தைப் பார்த்தபடி.

தாம் முன்பிருந்த மாவட்டத்தில் ஆறு ஆண்டுகளில் இரண்டே நாள்தான் பள்ளியை மூடியதாக டாக்டர் அதன்பின் கால் மணி நேரம் விளக்கினார். அந்த மாவட்டத்தில் குன்று இருந்ததா என்று ஓடெட் கேட்டாள். இல்லை. பனி? கொஞ்சம் உண்டு. ஓடெட் பின்னலூசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து காலுறையைப் பின்னத் தொடங்கினாள்.

இப்படியே வசந்தம் போயிற்று, கோடை போயிற்று. அந்த மாநிலத்துச் சட்டம் பள்ளிப் பணியாளர்களை வேலைநிறுத்தம் செய்ய விடுவதில்லை. அவர்களிடம் இருந்தது பொறுமை ஒன்றே. அதை நிர்வாகம் பயமென்று எடுத்துக்கொண்டது. டாக்டர் ஒவ்வோர் அமர்வையும் ஒரு விளையாட்டோடு தொடங்கிவைத்தார். ஒருமுறை அனைவரும் தம்மை ஒரு மரமாகக் கற்பனை செய்து, எந்த மரம் என்று சொல்ல வேண்டும் என்றார். அவர் தேக்கு என்றார். நிதி அலுவலர் தலையை ஆட்டினார். ஐலா தன் முறை வந்தபோது தான் ஓட்டுநர் என்றாள்.

உண்மையில் பேச்சுவார்த்தை நடத்தியவர் ஸ்லோகம்தான். அவர் புன்னகைப்பதில்லை, அதனாலேயே ஐலாவுக்கு அவர்மேல் ஓரளவு மரியாதை இருந்தது. பேசி முடித்த ஒவ்வொரு பிரிவின் அடியிலும் இருதரப்புத் தலைமையும் சுருக்கொப்பம் இட வேண்டும். இட்ட அன்றே அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும், பிறகு அதை எவரும் மீண்டும் திறக்க முடியாது. இதுதான் அந்த மேசையின் ஒரே சட்டம். நவம்பருக்குள் இருபத்தொரு பிரிவுகள் அப்படி மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவை இரண்டு: ஐலாவின் ஒற்றை வாக்கியம், நிர்வாகத்தின் ஒற்றை வாக்கியம்.

நிர்வாகத்தின் வாக்கியம் இது: இந்த ஒப்பந்தத்தில் எழுதப்படாத வழக்கம் எதுவும், எத்தனை ஆண்டு நடைமுறையில் இருந்திருந்தாலும், இருதரப்பில் எவரையும் கட்டுப்படுத்தாது.

இவ்வளவு பெரிய வாக்கியத்துக்குப் பின்னால் இருந்தது ரொட்டி. மதிய உணவில் மீந்த ரொட்டியையும் சூப்பையும் சமையற்கூடப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது முப்பது ஆண்டுப் பழக்கம். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். பெண்கள், இது பழைய வழக்கம், மேசையில் பேசாமல் நிறுத்த முடியாது என்று முறையீடு செய்து வென்றிருந்தார்கள். மீந்த சூப்பிடம் தோற்றதை டாக்டரால் தாங்க முடியவில்லை. எனவே எல்லா வழக்கத்தையும் ஒரேயடியாக ஒழிக்கும் வாக்கியம் ஒன்றை எழுதித் தரும்படி ஸ்லோகத்திடம் கேட்டார். அவர் எழுதித் தந்தார். அதை ஏற்றால்தான் சமையற்கூடப் பெண்களின் மருத்துவக் காப்பீடு புத்தாண்டுக்குப் பின்னும் தொடரும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஓடெட்டின் கணவனுக்கு மாதத்தில் நான்குமுறை மருத்துவமனை. அவள் இதைச் சொல்லவில்லை; பின்னலில் இரண்டு கண்ணியைத் தவறவிட்டாள். ஐலாவுக்கு அது போதுமாயிருந்தது.

கையெழுத்திடுமுன் ஐலா ஒன்று கேட்டாள். நேர்மையாகத்தான் கேட்டாள், பின்னாளில் அவளைச் சூழ்ச்சிக்காரி என்று பேசியவர்கள் அந்த அறையில் இருந்ததில்லை.

"எழுதாம நாங்க செய்யறது நிறைய இருக்கு, மிஸ் ஸ்லோகம். ரொட்டி மட்டும் இல்ல. ஒரு பட்டியல் போட்டுத் தரட்டுமா? எது போகுது, எது இருக்குதுன்னு பார்த்துட்டுப் போடலாம்."

ஸ்லோகம் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்க்கும் எண்ணம் அவர் முகத்தில் வந்தது உண்மை. அதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"பட்டியல் வேண்டாம். அது முக்கியமா இருந்திருந்தா இதுக்குள்ள யாராவது எழுதியிருப்பாங்க."

"எல்லாமே போகுதா, டாக்டர்?"

"எல்லாமே."

"காலையில செய்யறதும்?"

"காலை, மதியம், சாயங்காலம். எல்லாம்."

மூலையில் அமர்ந்து ஒவ்வோர் அமர்வையும் குறிப்பெடுக்கும் பெண் இதையும் எழுதிக்கொண்டாள். ஐலா சுருக்கொப்பம் இட்டாள். டாக்டர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். படம் அன்று மாலையே மாவட்டத்தின் செய்திமடலில் வந்தது.

அந்த எல்லாவற்றுள்ளும் ஒன்று இருந்தது. குளிர்காலத்தில், பள்ளி நாள்களில், விடியுமுன் நாலரை மணிக்கு ஐலாவோ கீனோவோ தங்கள் சொந்த வண்டியில் டிக்கனன் குன்றில் பாதி தூரம் ஏறுவார்கள். ஏறி, நடுச்சரிவில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள். வண்டி எவ்வளவு வழுக்குகிறது என்பதை உட்காருமிடத்தால் அளந்துகொண்டு, பணிமனையில் வயர்லெஸ் அருகில் இருக்கும் நோரீனிடம் சொல்வார்கள். நோரீன் ஐந்து மணிக்கு டாக்டரின் தொலைபேசிக்கு ஒரு சொல் அனுப்புவாள்: சரி, அல்லது, வேண்டாம். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் பள்ளியைத் திறப்பதும், இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவதும், மூடுவதும். நாற்பது ஆண்டுகளாக, இவர்களுக்கு முன்பிருந்த ஓட்டுநர்கள் காலந்தொட்டே, இது எந்தத் தாளிலும் எழுதப்படாமல், எந்தக் கூலியும் இல்லாமல் நடந்துவந்தது. அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று டாக்டர் ஒருநாளும் கேட்டதில்லை. சாலைத் துறையிலிருந்து வருவதாக எண்ணியிருந்தார். தலைமைப் பண்பு பற்றி நூற்றறுபது பக்கம் ஆய்வேடு எழுதிய மனிதர் அவர்.

டிசம்பர் ஒன்பதாம் நாள் முன்னிரவில் மழை வந்தது. மறுநாள் நாலேகாலுக்கு ஐலாவுக்கு வழக்கம்போல் விழிப்பு வந்துவிட்டது. காப்பி போட்டாள். ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, உண்ணாமல் வைத்திருந்தாள். வண்டிச் சாவி எதிரே கொக்கியில் தொங்கியது. சன்னலுக்கு வெளியே, தெருவிளக்கின்கீழ், வேலிக்கம்பிகள் கண்ணாடிக் குழாய்களாக மின்னின. போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை; குன்று எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அடுக்களையிலிருந்தே தெரிந்தது.

நாலரைக்குக் கீனோ அழைத்தான். அவனும் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"போறியா?" என்றான்.

"நீ?"

"எனக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாதே. டாக்டரே சொல்லிட்டாரு."

ஐலா சிரிக்கவில்லை. அவள் உள்ளத்தில் பதினொரு பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தான் சோதிக்காமல் விட்டால் அந்த ஆள் பள்ளியைத் திறப்பார். திறந்தால் குன்றில் ஏற வேண்டியது தன் வண்டி ஒன்றுதான். மற்றவர்களின் வழித்தடங்கள் ஏரிக்கரையோடு சமதளத்தில் போகின்றன. ஆக, ஆபத்து தன் கையில்தான் இருக்கும். நிறுத்துவதும் தன் கையில். நிறுத்தினால் இரண்டாவது கடிதம். கடிதம் வந்தால் இருபத்துமூன்று குளிர்காலமும் ஒரு தாளில் முடியும். மாறாக, இப்போது சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து நோரீனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால், எல்லோரும் பிழைப்பார்கள், டாக்டரும் பிழைப்பார், அவருடைய வாக்கியமும் பிழைக்கும். அடுத்த குளிர்காலமும் அதற்கடுத்ததும் அவள் இலவசமாக அவருக்குப் புத்தி சப்ளை செய்துகொண்டு, அந்தப் புத்திக்காகவே கடிதம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குன்றின் உச்சியில் இருக்கும் ஏழு வீடுகளுக்கும் அவள் தொலைபேசினாள். வண்டி தாமதமாகும், பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே விடாதீர்கள் என்றாள். எட்டாவது வீட்டுக்கு அழைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் இல்லை, டாக்டர்தான் இருந்தார். பிறகு காப்பியைக் குடித்தாள். சாவி கொக்கியிலேயே இருந்தது.

ஐந்து மணிக்கு நோரீனிடமிருந்து சொல் வராததைக் கண்டு டாக்டர் சற்றே குழம்பினார் என்பது பின்னர் நோரீன் சொல்லித்தான் தெரியும். ஐந்தேகாலுக்கு அவளை அழைத்தார். சாலை எப்படி என்றார். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டர் என்றாள் அவள். யார் சொல்ல வேண்டும் என்றார். அப்படி ஒருவரும் ஒப்பந்தத்தில் இல்லையே என்றாள். அவர் தம் தொலைபேசியில் வானிலையைப் பார்த்தார். அது பூஜ்யத்துக்கு ஒரு பாகை மேல் என்று காட்டியது. பூஜ்யத்துக்கு மேல் என்றால் பனி உருகும் என்பது அவருடைய அறிவியல். பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும் என்று ஐந்தரைக்கு எல்லாப் பெற்றோருக்கும் செய்தி பறந்தது. அதில் தம் பெயரைப் பட்டத்தோடு இட்டிருந்தார்.

ஆறு ஐம்பதுக்கு ஐலா குன்றின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி விளக்குகளைச் சிமிட்டவிட்டாள். இறங்கிப் பார்த்தாள். சாலை, குழாயடியில் நனைந்த சோப்புக்கட்டியைப் போலிருந்தது.

"ஒன்பது பேசறேன். டிக்கனன் அடிவாரத்துல நிக்கிறேன். மேல ஏறல" என்றாள் வயர்லெஸில்.

நோரீன் அதை டாக்டருக்குச் சொன்னாள். சற்று நேரத்தில் நோரீனின் குரல் திரும்பி வந்தது. ஒரு கடிதத்தை உரக்கப் படிப்பவளின் குரலில் பேசினாள். கண்காணிப்பாளர் ஏறச் சொல்கிறார். முடிவெடுக்கும் அதிகாரம் தம் ஒருவருக்கே உண்டு என்று நினைவூட்டச் சொல்கிறார். ஏறாவிட்டால் சென்ற சனவரி போலவே நடவடிக்கை இருக்கும் என்கிறார்.

இருபத்திரண்டு பேருந்துகளிலும் அது கேட்டது.

ஐலா பொத்தானை அழுத்தினாள். "அதிகாரம் அவருதுதான், நான் இல்லன்னு சொல்லல. அவரு வீடு மேலதான இருக்கு. இறங்கி வந்து என் வண்டியில முன் சீட்டுல உக்காரச் சொல்லு. உக்காந்துக்கிட்டு ஏறுன்னு சொல்லட்டும், ஏறறேன். அதுவரைக்கும் இங்கயே இருப்பேன்."

வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். அடுத்த மாதத் தவணைகள், அறுபதுக்குப் பின் வரவேண்டிய ஓய்வூதியம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றை அவள் அப்படியே நிற்கவிட்டாள்.

டாக்டர் வரத்தான் செய்தார். அவருக்கு வேறு வழியில்லை; அலுவலகமும் கீழேதான் இருந்தது. ஏழு பன்னிரண்டுக்கு அவருடைய நான்கு சக்கர இழுவை கொண்ட கறுப்பு வண்டி குன்றின் வளைவில் தோன்றியது. தோன்றியபோது அது நேராக இருந்தது. பாதிச் சரிவில் அவர் பிரேக்கை மிதித்தார். கீனோவும் ஐலாவும் நாற்பது ஆண்டு வழக்கத்தில் மிதிக்கும் அதே இடந்தான். வண்டி, ஒரு பெரிய மனிதர் விருந்தில் திரும்பி எல்லோரையும் பார்ப்பதைப்போல, நிதானமாகப் பக்கவாட்டில் திரும்பியது. பிறகு முதுகைக் காட்டியது. ஒலிப்பானை அவர் அழுத்தினாரா, தானாக அழுந்தியதா தெரியவில்லை. அந்த நீண்ட ஓசையோடு, யாரையும் அவசரப்படுத்தாத வேகத்தில், பேருந்தை ஒரு கை தூரத்தில் கடந்து, சாலையோரப் பனிமேட்டில் பின்பக்கமாக ஏறி அமர்ந்தது. முன்விளக்குகள் இரண்டும் மரவுச்சிகளைப் பார்த்து எரிந்தன.

ஐலா இறங்கி, வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டிய பூட்ஸோடு மெல்ல நடந்து போனாள். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. கண்ணாடியை இறக்கினார். பழக்கத்தால் அந்தப் புன்னகை பாதி வந்து, நின்றுவிட்டது.

"ஏறணுமா, டாக்டர்?" என்றாள்.

ஏழு இருபதுக்குப் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும் என்று இரண்டாவது செய்தி பறந்தது. அதில் பெயர் இல்லை.

இதற்குப் பின் ஒரு மனிதன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் வெட்கம் நிர்வாகப் படிப்பில் இல்லாத பாடம். அடுத்த வாரம், அந்தக் காலைச் சொல் யாரிடமிருந்து வந்துகொண்டிருந்தது என்று நோரீனிடம் கேட்டறிந்துகொண்டு, டாக்டர் வட்ட மேசைக்கு இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று, ஐலாவுக்கான இரண்டாவது கடிதம்: மேலதிகாரியைப் பொது அலைவரிசையில் அவமதித்ததாகவும், சோதனைப் பணியைச் செய்யாமல் விட்டதாகவும் அதில் இருந்தது. மற்றது, அந்தக் கடிதத்தை நியாயப்படுத்தும் குறிப்பு.

ஐலா இரண்டையும் நிதானமாகப் படித்தாள். பிறகு ஸ்லோகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"செய்யாம விட்டது எந்த வேலைன்னு போட்டிருக்கு, மிஸ் ஸ்லோகம்? அது எந்தப் பிரிவுல எழுதியிருக்கு?"

ஸ்லோகம் அந்தக் கடிதத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது அவர் கண் ஓடிய வேகத்திலேயே தெரிந்தது. அவர் படித்தார். நவம்பர் மாதக் குறிப்பேட்டைத் திருப்பினார். காலையில் செய்வதுமா என்ற கேள்வியும், காலை, மதியம், சாயங்காலம் என்ற விடையும் அங்கே அழகான கையெழுத்தில் இருந்தன.

"இது வெளி நடுவர்கிட்ட போனா, எங்க தரப்புல யார் சாட்சி சொல்லணும்?" என்று டாக்டரைக் கேட்டார்.

"நான்தான்."

"வண்டியில கேமரா உண்டா?"

கீனோ மிகுந்த பணிவோடு குறுக்கிட்டான். "எல்லா பஸ்லயும் உண்டுங்க. முன்பக்கம் பார்த்தது. இன்ஜின் ஓடுற வரைக்கும் அதுவும் ஓடணும்னு போன வருஷம் டாக்டர்தான் உத்தரவு போட்டாரு, நாங்க தூங்கறோமான்னு பாக்கறதுக்கு. அன்னிக்கு நல்லா விழுந்திருக்கு. படத்தைச் சொல்றேன்."

ஸ்லோகம் இடைவேளை கேட்டார். நிர்வாகத்தினர் மூவரும், பிள்ளைகளின் மழைக்கோட்டுகள் தொங்கும் தடுப்புக்கு அப்பால் போய் நின்றார்கள். மெல்லிய பலகைத் தடுப்பு. டாக்டரின் குரல் நெடுநேரம் கேட்டது; கொள்கை, முன்னுதாரணம், கண்ணியம். ஸ்லோகத்தின் குரல் இரண்டே தடவை கேட்டது. இரண்டாவது தடவைக்குப் பின் டாக்டரின் குரல் கேட்கவில்லை. நிதி அலுவலர் எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு சொல் சொன்னார். அது, பாவம் என்பதுபோல் ஒலித்தது. யாரைக் குறித்தென்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஸ்லோகம் இரண்டாவது கடிதத்தை நான்காக மடித்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். ஐலாவின் வாக்கியத்தை ஏற்கலாம் என்றார். ஆனால் ஓட்டுநர் நிறுத்துமுன் கண்காணிப்பாளரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஒரு சிறு சேர்ப்பு.

"சரிவுல வண்டி வழுக்கும்போது கலந்தாலோசிக்க நேரம் இருக்காது. டாக்டருக்கு அது தெரியும்" என்றாள் ஐலா.

சேர்ப்பு நீங்கியது. பழைய கடிதமும் கோப்பிலிருந்து எடுக்கப்படும் என்று எழுதினார்கள். குன்றைச் சோதிப்பது இனி கூலியோடு கூடிய அரைமணி நேரப் பணியாக ஒப்பந்தத்தில் ஏறியது. ஓடெட் பின்னலை மடியில் வைத்துவிட்டு, அப்படியே ரொட்டியையும் எழுதலாமே என்று கேட்டாள். அந்தப் பிரிவில் சுருக்கொப்பம் ஆகிவிட்டது, திறக்க முடியாது என்றார் டாக்டர். அவரிடம் மிச்சமிருந்த ஒரே வெற்றி அதுதான். அதை அவர் விடுவதாக இல்லை. ஐலா வாதாடிப் பார்த்தாள். சுருக்கொப்பம் இட்டது தன் கையேதான் என்பதால், அந்த வாதத்துக்கு அவளிடமே வலு இல்லை. இன்றுவரை ஆல்டர் பேயில் நாள்தோறும் மீந்த சூப்பைப் பெண்கள் தொட்டியில் கொட்டுகிறார்கள். ஓடெட் அதன்பின் சில வாரம் ஐலாவோடு காப்பி குடிக்க வரவில்லை.

சனவரிச் செய்திமடலின் முதல் பக்கத்தில், மஞ்சள் மேலங்கி அணிந்த டாக்டர் ஒன்பதாம் எண் பேருந்தில் ஒரு கையை ஊன்றி நின்றார். ஓட்டுநர்களின் அனுபவ அறிவை மதிக்கும் தம் புதிய பாதுகாப்புத் திட்டம், மாநிலத்துக்கே முன்மாதிரியாகும் என்று அதில் கூறியிருந்தார். பனிச் சாலைகளைத் தாமே நேரில் ஆராய்ந்தபின் உருவான திட்டம் என்ற வரியும் இருந்தது. கீனோ அந்த வரியை வெட்டிப் பணிமனைச் சுவரில் ஒட்டினான். ஐலா அதைக் கிழிக்கவும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு மனிதர் பனிமேட்டில் பின்பக்கமாக ஏறியதையும் ஆராய்ச்சியாக்கிவிட முடியுமென்றால், அவரிடம் தோற்பதும் வெல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. எழுதிய வாக்கியம் மட்டும் எழுதியபடி இருந்தது.

பிப்ரவரி பதினேழு. சோதனையில் நன்றாக இருந்த சாலை ஆறேகாலுக்குக் கெட்டது. ஐலா அடிவாரத்தில் நிறுத்தினாள்.

"ஒன்பது. டிக்கனன் அடிவாரம். ஏறல."

"சரி" என்றாள் நோரீன். வேறெதுவும் கேட்கவில்லை. மேலிருந்தும் எந்தக் குரலும் வரவில்லை. ஐலா இன்ஜினை ஓடவிட்டு, மணல் லாரியின் விளக்கு வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.